குழுவில் நாற்பது பேர், பேசுவது மூன்று பேர்

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டும் என்ற ஆசையில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். மாணவர் எண்களும் பெற்றோர் எண்களுமாக நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. தினமும் ஒரு கேள்வி போடுகிறேன். மூன்று பேர் பதில் எழுதுவார்கள். அதில் இரண்டு இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. மற்றவர்களிடமிருந்து கட்டைவிரல் குறியும் ‘சரி டீச்சர்’ என்பதும்தான் வரும். ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தனிச்செய்தியில் சந்தேகம் கேட்கிறார்கள். என்னைச் சேர்க்காமல் மாணவர்கள் தங்களுக்குள் வேறொரு குழு வைத்திருப்பதும் அண்மையில்தான் தெரிந்தது, வருத்தமாக இருந்தது. நிர்வாகம் ஒரு கற்றல் செயலி வாங்கலாம் என்கிறது. வாங்கினால் நிலைமை மாறுமா? கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை எப்படிப் பேசவைப்பது?

பதில்: செயலியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்கவேண்டாம். இன்று வாட்ஸ்அப்பில் வாய் திறக்காத பிள்ளை நாளை வேறொரு செயலியிலும் வாய் திறக்காது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்ல ஒரு புதுச் சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான். விற்க வருபவர் காட்டும் திரையில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று வண்ண வண்ணமாக வரைபடங்கள் இருக்கும். நிர்வாகத்துக்கு அது பிடிக்கும். ஒரு மாணவன் சொன்னதால் இன்னொரு மாணவனுக்கு ஏதாவது புரிந்ததா என்பது அந்த வரைபடத்தில் வராது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு செய்திகள்: மாணவர்களின் தனிக்குழு, இரவில் வரும் தனிச்செய்தி. ஒன்றை வருத்தமாகவும் மற்றொன்றைத் தொல்லையாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் நல்ல செய்தியாகவே படுகின்றன. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வருகிறது, கேட்கவும் தோன்றுகிறது, கேட்கத் தொழில்நுட்பமும் கையில் இருக்கிறது. உங்கள் குழுவில் கேட்கத்தான் மனம் வரவில்லை.

அந்தத் தனிக்குழுவில் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கேலி, படங்கள், உங்களைப் பற்றிய பேச்சும் கொஞ்சம். இடையில் ஒருவன் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, “இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?” என்று கேட்பான். இன்னொருத்தி அதே படத்தில் ஒரு வட்டம் போட்டு, “இங்கே குறி மாறணும், அதை விட்டுட்டே” என்று திருப்பி அனுப்புவாள். வீட்டுப்பாடம் அப்படியே கைமாறுவதும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டம் இருக்கிறதே, நீங்கள் எதற்காகக் குழு தொடங்கினீர்களோ அதுதான் அது. அந்தக் குழுவுக்குள் நுழைய முயலாதீர்கள். நீங்கள் நுழைந்த மறுநாள் அவர்கள் வேறொன்று தொடங்கிவிடுவார்கள். யாரையாவது அங்கே வதைக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும், பள்ளி வளாகத்தில் நடந்திருந்தால் எப்படித் தலையிடுவீர்களோ அப்படித் தலையிடுங்கள்.

இப்போது உங்கள் குழுவை ஒரு பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். டீச்சர் ஒரு கேள்வி போடுகிறார். அதன் விடை டீச்சருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, இது தேர்வு. சரியாக எழுதினால் படிப்பாளி என்று காட்டிக்கொள்கிறான் என்பார்கள். தப்பாக எழுதினால் நாற்பது பேர் பார்ப்பார்கள், அதில் பாதிப் பேர் மற்ற பிள்ளைகளின் பெற்றோர். எழுதாமல் இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் அந்தப் பதில் தேவைப்படவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பிள்ளைகள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நான் சொல்லமாட்டேன். கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தேவைப்படும்போதுதான் கற்கும் கூட்டம் உருவாகிறது. தேவையை உண்டாக்குவது ஆசிரியரின் வேலை. அந்தத் தேவை தூரத்தையோ நேரத்தையோ கடக்கவேண்டி வரும்போதுதான் கருவிக்கு வேலை வருகிறது. நீங்கள் கருவியிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். பெரும்பாலான பள்ளிகளும் அப்படித்தான் தொடங்குகின்றன.

இதை இணையம் வருவதற்கு வெகுமுன்பே செய்துகாட்டியவர் செலஸ்தின் ஃபிரெனே என்ற பிரெஞ்சுக் கிராமத்து ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு வந்தவர். வகுப்பில் நீண்ட நேரம் பேச மூச்சு போதாது. 1920களில் அவர் ஒரு சிறிய அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்து, நாட்டின் மறுகோடியில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கிருந்தும் அச்சடித்த தாள்கள் வந்தன. மலைப்பக்கத்துப் பிள்ளைக்குக் கடற்கரை வாழ்க்கை தெரியாது, கடற்கரைப் பிள்ளைக்கு மலை தெரியாது. எழுத்துப்பிழையைத் திருத்து என்று ஆசிரியர் சொல்லவேண்டிய அவசியம் குறைந்துபோயிற்று, படிக்கப்போகிறவர்கள் நிஜமாகவே இருந்ததால். அந்த அச்சு இயந்திரம் அன்றைய நவீனத் தொழில்நுட்பம்தான். ஆனால் ஃபிரெனே அதைப் பாடக்குறிப்பு அச்சடிக்கப் பயன்படுத்தியிருந்தால் இன்று அவர் பெயரை யாரும் சொல்லிக்கொண்டிருக்கமாட்டோம்.

நீங்கள் அறிவியல் ஆசிரியை. உங்களுக்கு இதைவிட வசதியான பாடம் இருக்கிறது. ஒரு வேலையைச் சொல்கிறேன், இதிலிருந்து தொடங்குங்கள்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவை நிழலை வைத்துக் கணக்கிட்டார் என்று பாடத்தில் நடத்தியிருப்பீர்கள். ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் கோடைக் கதிர்த்திருப்ப நாளின் நண்பகலில், எகிப்தின் தெற்கே இருந்த சையீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அங்கே சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருந்த கோணம் வட்டத்தில் 50இல் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. ஆக, இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தைப்போல் 50 மடங்கு பூமியின் சுற்றளவு. தன் ஊர் நிழலை மட்டும் அளந்துகொண்டு அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. இன்னொரு ஊரின் தகவல் வேண்டியிருந்தது. அதையே உங்கள் வகுப்பு செய்யட்டும்.

உங்களுடன் படித்தவர் யாராவது வடக்கிலோ தெற்கிலோ தொலைவான ஊரில் ஆசிரியராக இருப்பார். அவரைப் பிடியுங்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே நாளில், 1 மீட்டர் குச்சியைத் தரையில் செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டிய ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலை அளக்கவேண்டும். மிகக் குட்டையான நிழல் எதுவோ அதுதான் அந்த ஊரின் நண்பகல் நிழல். கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் சூரியனின் நண்பகலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இது பல பிள்ளைகளுக்குப் புதுச்செய்தியாக இருக்கும். இரண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவரவர் ஊரின் குட்டையான நிழலை எடுத்துக்கொண்டு, வடக்குத் தெற்காக உள்ள தூரத்தை மட்டும் கணக்கில் சேர்த்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. அங்கே நிழல் 25 சென்டிமீட்டர், இங்கே 30 சென்டிமீட்டர், வடக்குத் தெற்குத் தூரம் 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிழலைக் குச்சியின் நீளத்தால் வகுத்துக் கோணம் கண்டால் ஒன்று ஏறத்தாழ 14.0 பாகை, மற்றொன்று 16.7 பாகை. கணித ஆசிரியரிடம் அனுப்பினால் டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்து எடுப்பது எப்படி என்று அவர் சொல்லித்தருவார். அவரும் உள்ளே வந்துவிடுவார், அது தனி லாபம். கோணங்களைச் சுருக்காமல் முழுமையாக வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, 360ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்து 300ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு சுமார் 40,500 கிலோமீட்டர் வரும். உண்மையான அளவு 40,000 சொச்சம். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

பாடம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். உங்கள் பக்கத்து நிழலை 30க்குப் பதிலாக 31 என்று யாராவது அளந்திருந்தால் விடை 34,000க்கும் கீழே இறங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விழுங்கிவிட்டது! இனி நீங்கள் ஒன்றும் தூண்டவேண்டியதில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள்: குச்சி நேராக நின்றதா, எதை வைத்துப் பார்த்தீர்கள்? தரை சமமா? நிழலின் நுனி மங்கலாக இருக்குமே, மங்கலின் எந்த ஓரத்தை எடுத்தீர்கள்? உங்கள் பிள்ளைகள் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஒரு பள்ளியின் அளவு தவறினால் மற்றப் பள்ளியின் விடையும் தவறும். அடுத்த நாள் யாரோ ஒருத்தி நூலில் கல் கட்டித் தூக்குக்குண்டு செய்துகொண்டு வருவாள். இந்த விடையை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட வழியில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாலும் உங்கள் மைதானத்தில் அன்று விழுந்த நிழல் எத்தனை சென்டிமீட்டர் என்று அதற்குத் தெரியாது.

கருவி என்று பார்த்தால் இதற்கு வேண்டியது இரண்டு பள்ளியும் பார்க்கக்கூடிய ஒரே ஒரு கூகுள் ஷீட். நேரம், நிழலின் நீளம், அளந்தவர் அணி, சந்தேகம் என்று நான்கு நெடுவரிசைகள் போடுங்கள். நான்காவதை மறந்துவிடாதீர்கள். “குச்சி கொஞ்சம் ஆடியது”, “12.10 மேகம்”, “இந்த அளவை நான் நம்பவில்லை” என்று பிள்ளைகள் எழுதத் தொடங்கும் இடம் அதுதான். உறுதியில்லாததை எழுதுவதற்கென்றே ஓர் இடம் இருப்பதால், தவறு என்று யாரும் சிரிக்கமுடியாது.

அடுத்தது, உங்களுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கப்போவது. முதலில் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்துபார்த்தார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளுக்குள் உரையாடலும் கூடியது. கைபேசித் திரையில் மூன்று விநாடிக்குப் பொருள் இல்லை. ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவன் கேட்டதற்கு மாலைக்குள் நீங்கள் விடை எழுதிவிட்டால் மற்ற எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டீர்கள். மறுநாளும் யாரும் தொடவில்லை என்றால், அப்போதும் விடை எழுதாமல், “இதற்கு உதவக்கூடிய அளவு அந்தப் பள்ளியின் இரண்டாம் அணியிடம் இருக்கிறது, கேட்டுப்பாருங்கள்” என்று வழிகாட்டிவிடுங்கள். தவறான விளக்கம் ஒன்று ஒரு நாள் திருத்தப்படாமல் கிடந்தால் வானம் இடிந்து விழாது. ஆபத்தான சோதனை, அடுத்தவரைப் புண்படுத்தும் சொல் — இவை இரண்டுக்கும் மட்டும் காத்திருக்கவேண்டாம்.

இரவுச் செய்திகளுக்கும் இதுவே மருந்து. “நல்ல கேள்வி. உன் பெயர் போடாமல் சந்தேகப் பகுதியில் சேர்த்துவிடட்டுமா?” என்று காலையில் எழுதுங்கள். இரவு எட்டு மணிக்குமேல் பார்க்கமாட்டேன் என்பதை வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு, மெய்யாகவே பார்க்காதீர்கள். பதினொரு மணிக்கு டீச்சர் பதில் தருவார் என்றிருக்கும்வரை எந்தப் பிள்ளையும் பக்கத்து வீட்டுத் தோழியைக் கேட்காது.

கூச்சப்படும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேசவைக்கவேண்டும் என்ற இலக்கையே கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் லைபீரியாவில் தையல் பழகுபவர்களைக் கவனித்தார். புதிதாகச் சேர்ந்த பையனிடம் யாரும் துணியை வெட்டத் தருவதில்லை. முதலில் பொத்தான் தைப்பது, ஓரம் அடிப்பது. பிறகு துண்டுகளை இணைத்துத் தைப்பது. வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. சட்டை உருவாகும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அவன் தொழிலுக்குள் வருகிறான். முடிந்த சட்டை எப்படி இருக்கும் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்துவிடுகிறது; பொத்தான் தைக்கையில் கை தவறினால் பிரித்துத் தைக்கலாம், துணியை வெட்டுகையில் தவறினால் துணி போயிற்று. இந்தக் கவனிப்பிலிருந்துதான் லேவும் கல்வி ஆய்வாளர் எட்டியென் வெங்கரும் 1991இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒரு குழுவுக்குள் புதிதாக வருபவர் ஓரத்தில் நின்று சிறிய வேலை செய்வதும் முறையான பங்கேற்புதான், கற்றல் அங்கிருந்தே தொடங்குகிறது.

பள்ளியில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாயே திறக்காத பெண்ணை எழுப்பி, “நீ உன் கருத்தைச் சொல்” என்கிறோம். அதாவது முதல் நாளே துணியை வெட்டச் சொல்கிறோம். அவளுக்குப் பொத்தான் வேலை கொடுங்கள். இரண்டு பள்ளியின் அளவுகளையும் ஒப்பிட்டு எங்கே இடிக்கிறது என்று வண்ணமிடுவது அவள் பொறுப்பு. சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும் கலந்து கிடந்தால் கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. ஒரு வாரத்தில் அவளுக்கு ஓர் அளவின்மேல் ஐயம் வரும். அந்த அணியைக் கேட்காமல் அவளால் வேலையை முடிக்கமுடியாது. அப்போது எழுதுவாள். அந்த முதல் வரியை நீங்கள் பாராட்டிவிடாதீர்கள். எல்லோர் முன்பும் பாராட்டினால் மறுபடி ஓட்டுக்குள் போய்விடுவாள். கேட்ட கேள்விக்கு அந்த அணி பதில் எழுதினால் அதுவே போதும்.

இருந்தும் சிலர் எழுதவேமாட்டார்கள். இணையக் குழுக்களில் ஏறத்தாழ நூற்றில் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று 2006இல் இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் எழுதிய தோராயக் கணக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமானது. வகுப்பறையில் அவ்வளவு மோசமாகப் போகாது, ஆனாலும் பேசாதவர் எல்லோரும் கற்காதவர் என்று முடிவுகட்டவேண்டாம். மிக முக்கியமாக, எத்தனை பதிவு போட்டான் என்பதற்கு மதிப்பெண் தராதீர்கள். தந்தால் மறுநாளே “நானும் ஒப்புக்கொள்கிறேன்” என்று நாற்பது பதிவுகள் வரும்.

இனி நடைமுறை. பெற்றோரை இந்தக் குழுவிலிருந்து பிரித்து, நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றில் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும்; பெண் பிள்ளைகளின் எண்கள் இன்னொரு பள்ளிக்கும் போகும்படி எதையும் செய்யாதீர்கள். இரண்டு பள்ளிக்கும் இடையிலான வேலை முழுவதும் ஷீட்டிலேயே நடக்கட்டும், பெயருக்குப் பதில் அணிப் பெயரோடு. சொந்தக் கைபேசி இல்லாத பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள், கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அப்பாவின் கைபேசி ஒன்பது மணிக்குக் கிடைத்தால் உண்டு. ஆகவே ‘இன்று மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வாருங்கள்’ என்பது வேண்டாம். அணிக்கு ஒரு கைபேசி அல்லது பள்ளிக் கணினி போதும். ஐந்து பேர் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்து என்ன எழுதலாம் என்று சண்டை போடுவது, ஆளுக்கொரு திரையில் தனித்தனியாக மௌனமாக இருப்பதைவிட எவ்வளவோ மேல். நிர்வாகத்திடம் செயலிக்கு ஒதுக்கிய பணத்தில் வகுப்புக்கு ஒரு நல்ல இணைய இணைப்பு கேளுங்கள்.

வேலை நடக்கிறதா என்று பார்க்கச் செய்திகளின் எண்ணிக்கையை எண்ணாதீர்கள். ஒரு பிள்ளை இன்னொரு அணியை அழைத்து எழுதிய கேள்விகள் எத்தனை, அவற்றில் உங்கள் கைபடாமலே பதில் கிடைத்தவை எத்தனை என்று வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். முதல் சுற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். அடுத்த சுற்றில் இன்னொரு பள்ளியைச் சேர்த்து மூன்றாக்குங்கள். இரண்டு அளவுகள் முரண்பட்டால் யார் சரி என்று சொல்ல அப்போதுதான் வழி பிறக்கும்.

நாளைக் குறிக்கும் முன் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலத்தில் சில நாட்களில் சூரியன் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உச்சியில் இருக்கும். அன்று ஓர் ஊரில் நிழல் வடக்கே விழும், மற்ற ஊரில் தெற்கே. கோணங்களைக் கழித்தால் விடை தாறுமாறாக வரும், கூட்டவேண்டும். முடிந்தால் முதல் முறைக்கு அந்த நாட்களைத் தவிருங்கள். இரண்டாம் முறைக்கு அப்படிப்பட்ட ஒரு நாளையே தேர்ந்தெடுங்கள், பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லாமல்.